வலை பிடித்த கை கிட்டாரும் பிடிக்கும்

பெரியவர்களுக்கான பாடம்
வாசிக்க வேண்டிய வேதபகுதி: 1 நாளாகமம் 23, 25 அதிகாரங்கள்



இந்த மாதப் பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. நாற்பது வயதுக்கு மேல் கிட்டார் கற்றுக்கொள்வது எப்படி என்பதுதான் பாடம். "இது என்ன பாஸ்டர், சங்கீதக் கிளாஸா?" என்று சிலர் கேட்கலாம். ஆமாம், சங்கீதக் கிளாஸ்தான். நம்முடைய சபைகளுக்கு இப்போது அவசியமாய்த் தேவைப்படுகிற கிளாஸ்.

பழவேற்காடு பக்கத்துச் சபைகளில் பாட்டுக்குக் குறைவில்லை. நம்முடைய தாய்மார்கள் கைதட்டிப் பாட ஆரம்பித்தால் ஏரிக்கு அக்கரையில் கேட்கும். வாசிக்கத்தான் ஆள் நிற்பதில்லை. ஒரு தம்பி கீபோர்டு பழகுகிறான், எல்லோரும் சந்தோஷப்படுகிறோம். இருபது வயது ஆனதும் எண்ணூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறான். சனிக்கிழமை நைட் ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை தூக்கம். கீபோர்டு துணி போர்த்திக்கொண்டு மூலையில் கிடக்கிறது. எங்கள் சபையில் மட்டும் மூன்று வருஷத்தில் மூன்று தம்பிமார் இப்படிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஏரியில் பிழைப்பு குறைந்தால் பிள்ளைகள் வேறு எங்கே போவார்கள்?

பிரியமானவர்களே, அப்படியானால் ஊரில் நிற்கிறவர்கள் யார்? வலைக்குப் போகிற அண்ணன்மார், கூடை சுமக்கிற அக்காமார், என்னைப்போல நாற்பதைத் தாண்டியவர்கள். இங்கே இருக்கப்போகிறவர்கள் நாம்தான். ஆகவே கற்றுக்கொள்ள வேண்டியவர்களும் நாம்தான். இந்தப் பாடத்தின் சாரம் இவ்வளவே.

நான் கிட்டாரை எடுத்தபோது எனக்கு வயது 42. மூன்று வருஷம் ஆகிறது. இன்றைக்கும் நான் வித்வான் அல்ல. ஒன்பது கார்டு தெரியும், சுருதி சேர்க்கத் தெரியும், ஒரு வீட்டுக் கூட்டத்தை நடத்துமளவுக்கு வாசிப்பேன். அந்த அளவுக்கு எப்படி வருவது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1. ஏன் கிட்டார்?

முதலாவது, அதற்குக் கரண்ட் வேண்டாம். புயல் மழை நாட்களில் நமக்குக் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? கீபோர்டும் ஸ்பீக்கரும் ஊமையாகிவிடும், கிட்டார் பேசும்.

இரண்டாவது, தூக்கிக்கொண்டு போகலாம். படகில் போகும்போது மடியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு கிலோ அளவுதான் கனம்.

மூன்றாவது, அது மெதுவாகவும் பேசும். துக்க வீட்டுக்குப் போகிறோம், வியாதிப்படுக்கை அருகே உட்காருகிறோம். அங்கே டிரம்செட் வேண்டாம். மெல்ல நாலு நரம்பைத் தடவினால் போதும், அழுதுகொண்டிருக்கிறவர்களும் சேர்ந்து பாடுவார்கள். சவுல் ராஜா கலங்கியிருந்தபோது அவனுக்கு ஆறுதலாய் இருந்தது தாவீதின் ஒற்றைச் சுரமண்டலம்தான் என்று 1 சாமுவேல் 16-இல் படிக்கிறோம்.

"கிட்டார் உலகத்தாருடைய வாத்தியமாச்சே" என்று சில மூத்த விசுவாசிகள் தயங்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு காரியம். தானியேல் 3-இல் நேபுகாத்நேச்சாருடைய வாத்தியங்களின் பட்டியல் வருகிறது. நம் தமிழ் வேதாகமம் கின்னரம் என்று சொல்கிற இடத்தில் மூல அராமிய மொழியில் இருப்பது கிரேக்கரின் 'கித்தாரா' என்ற வாத்தியத்தின் பெயர். அந்தப் பெயர்தான் அரபு, ஸ்பானிய மொழிகள் வழியாக வந்து 'கிட்டார்' ஆயிற்று. வாத்தியம் வேறு, பெயரின் வேர் ஒன்று. பாபிலோனில் அது பொற்சிலைக்கு முன்பாக வாசிக்கப்பட்டது. தாவீதின் கையில் நரம்புக் கருவி கர்த்தருக்கென்று வாசிக்கப்பட்டது. மரத்திலும் நரம்பிலும் குற்றமில்லை. யாருக்கு வாசிக்கிறோம் என்பதே கேள்வி.

2. வேதம் காட்டும் வயதும் முறையும்

1 நாளாகமம் 23-இல் தாவீது லேவியரைத் தொகையிடுகிறான். 30 வயதும் அதற்கு மேலுமானவர்கள் 38,000 பேர். அவர்களில் 4,000 பேர் வாத்தியங்களோடு கர்த்தரைத் துதிக்க நியமிக்கப்பட்டார்கள். அதே அதிகாரத்தின் பின்பகுதியில் 20 வயதும் சொல்லப்படுகிறது. எப்படியானாலும் வாத்திய ஊழியம் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று அங்கே இல்லை. வளர்ந்தவர்கள் செய்த வேலை அது.

25-ஆம் அதிகாரம் இன்னும் விசேஷித்தது. ஆசாப், ஏமான், எதுத்தூன் என்பவர்களின் கீழே பாட்டிலே பயிற்சி பெற்றவர்கள் 288 பேர். 12 பேராக 24 வகுப்பு. முறை போடுவதற்குச் சீட்டுப் போட்டபோது பெரியவன் சிறியவன், ஆசான் மாணாக்கன் என்று பார்க்கவில்லை. எல்லோருக்கும் ஒரே சீட்டு. இங்கே நாம் இரண்டு காரியம் பார்க்கிறோம். ஒன்று, வாசிப்பு என்பது கற்றுக்கொள்ளப்பட்டது. சும்மா வரம் இறங்கும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இரண்டாவது, ஆசானும் மாணாக்கனும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

முறை என்பது நமக்குப் புதிதா? நம் ஏரியில் 'பாடு' முறை இருக்கிறது. இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று முன்னோர் வகுத்த ஒழுங்கு. நம்முடைய பாடு வருகிற நாளில் உடம்பு சரியில்லை, மனசு சரியில்லை என்று யாராவது வீட்டில் படுத்துக்கொள்கிறோமா? கிட்டாருக்கும் தினம் ஒரு பாடு ஒதுக்கினால் போதும்.

3. பெரியவர்களுக்கு எது கஷ்டம், எது லேசு?

கஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விரல் கட்டை. பத்து வயதுப் பையனுடைய விரல் வளைகிற மாதிரி நம் விரல் வளையாது. கயிறு இழுத்துக் காய்ச்சுப்போன கைதான் நமக்கு. ஆனால் காய்ப்பு இருப்பது உள்ளங்கையிலும் விரல் மடிப்பிலும். கிட்டார் நரம்பு படுவது விரல் நுனியில். அங்கே தோல் மெத்துன்னுதான் இருக்கும். ஆகவே மீனவனுக்கும் விரல் வலிக்கும். முதல் இரண்டு மூன்று வாரம் நல்லா வலிக்கும். அப்புறம் நுனியிலும் காய்ப்பு விழுந்துவிடும், வலி போய்விடும். வலிக்கிறபோது நிறுத்துங்கள், தோல் கிழியும்வரை அழுத்தாதீர்கள்.

லேசானது என்ன? பாட்டெல்லாம் நமக்கு மனப்பாடம். முப்பது வருஷமாய்ப் பாடின பாட்டு காதிலேயே இருக்கிறது. தப்புச் சத்தம் வந்தால் காது உடனே சொல்லிவிடும். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த ஆஸ்தி கிடையாது. அடுத்தது பொறுமை. கிழிந்த வலையை மடியில் போட்டு, ஊசியில் நூல் கோர்த்து, ஒவ்வொரு கண்ணியாய் முடிச்சுப் போட்டுச் சரி பண்ணுகிறோமே, எத்தனை மணி நேரம்! அதே பொறுமைதான் இங்கேயும் வேண்டும்.

வயது தடையில்லை என்பதற்கு உலகத்திலிருந்து மூன்று உதாரணம் தருகிறேன்.

கேரி மார்கஸ் என்பவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மனதைப் பற்றி ஆராய்ந்த பேராசிரியர். தாளமே வராதவர். நாற்பதை நெருங்குகிற வயதில் கிட்டார் கற்க ஆரம்பித்தார். அந்த அனுபவத்தை 2012-இல் 'கிட்டார் ஜீரோ' என்று புத்தகமாக எழுதினார். சிறு வயதில் விட்டால் கதவு பூட்டிக்கொள்ளும் என்கிற எண்ணம் சரியல்ல, கொஞ்சம் கொஞ்சமாய்த் தொடர்ந்து பழகினால் பெரியவர்களும் கற்கலாம் என்பது அவர் கண்டது.

ஜாங்கோ ரைன்ஹார்ட் ஐரோப்பாவில் வண்டியில் ஊர் ஊராய்ப் போகிற நாடோடி இனத்தில் பிறந்தவர். 1928-இல் அவருடைய வண்டி தீப்பிடித்து, இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் செயலிழந்துபோயின. மிஞ்சின இரண்டு விரலுக்கு ஏற்றபடி கிட்டாரை மறுபடியும் முதலிலிருந்து பழகினார். 1953-இல் அவர் இறந்தபோது உலகமே அறிந்த வித்வானாய் இருந்தார். நம் சகோதரரில் சிலருக்கு இஞ்சின் கயிற்றில் விரல் போயிருக்கிறது. அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது நம் நாட்டிலேயே. சினிமாவைப் பற்றிப் பேச வரவில்லை, கற்றுக்கொண்ட விதத்தை மட்டும் சொல்கிறேன். இளையராஜா 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அண்ணனோடு கச்சேரிகளில் ஆர்மோனியம் வாசித்துப் பழகினவர். இருபத்தைந்து வயதை ஒட்டிச் சென்னைக்கு வந்தபின்பு, தன்ராஜ் மாஸ்டரிடம் மறுபடியும் மாணாக்கனாய் உட்கார்ந்து மேற்கத்திய சங்கீதம் படித்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். தெரிந்தவர்கூட மறுபடி மாணாக்கன் ஆகிறபோது, தெரியாத நாம் வெட்கப்படுவானேன்?

4. வாத்தியத்தை அறிந்துகொள்ளுங்கள்

கிட்டாரில் இரண்டு வகை. ஒன்று இரும்புக் கம்பி கட்டினது. மற்றது நைலான் நரம்பு கட்டினது, இதைக் கிளாசிக்கல் கிட்டார் என்பார்கள். இரும்புக் கம்பிக்குச் சத்தம் அதிகம். ஆனால் கழுத்து ஒடுக்கம், மேலே கம்பிகள் போகும் அகலம் சுமார் 43 மில்லிமீட்டர்தான். நைலான் கிட்டாரில் அது சுமார் 52 மில்லிமீட்டர். நரம்பும் மெத்தென்று இருக்கும். கட்டை விரல்காரர்களுக்கும் புதிதாய்ப் பழகுகிறவர்களுக்கும் நைலான்தான் நல்லது என்பது என் ஆலோசனை.

இதில் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. பழைய காலத்தில் கிட்டாருக்கு ஆட்டுக் குடலில் திரித்த நரம்பு கட்டினார்கள். 1935-இல் அமெரிக்காவில் நைலான் கண்டுபிடிக்கப்பட்டது. 1940-களில், யுத்தத்தினால் குடல் நரம்பு கிடைக்காமல் போனபோது, நைலானைக் கிட்டாருக்குக் கட்டிப் பார்த்தார்கள், நிலைத்துவிட்டது. அதே நைலான்தான் 1950, 60-களில் நம் கடற்கரைக்கு வந்து பருத்தி வலையையும் சணல் வலையையும் மாற்றிப்போட்டது. நரம்பு வலை கையாளுகிறவனுக்குக் கிட்டார் நரம்பு அந்நியமல்ல!

விலைக்குப் பயப்பட வேண்டாம். சில ஆயிரம் ரூபாய்க்குக் கல்கத்தாவில் செய்த கிவ்சன் போன்ற கிட்டார் கிடைக்கும். பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து ரயில் ஏறிச் சென்னைக்குப் போனால் அண்ணா சாலையில் மியூசி மியூசிகல் இருக்கிறது. 1842-இல் தொடங்கின பழைய கடை. வாங்குகிறபோது வாசிக்கத் தெரிந்த ஒரு தம்பியைக் கூட்டிப்போங்கள். கழுத்து நேராக இருக்கிறதா, நரம்பு கட்டைக்கு மேலே ரொம்பத் தூக்கி நிற்கிறதா என்று அவன் பார்த்துச் சொல்வான். தூக்கி நின்றால் அழுத்துகிற பாடு இரண்டு மடங்கு.

பராமரிப்பு: நம் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு நரம்பையும் துடைக்க வேண்டும். நைலான் கிட்டாரிலும் தடித்த மூன்று நரம்புக்கு மேலே உலோகச் சுற்று இருக்கிறது, அதையும் துடையுங்கள். படகில் போனால் உறைக்குள் வையுங்கள், வெயிலில் போடாதீர்கள். இரும்புக் கம்பிக் கிட்டாரில் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவை இழுக்கிறது. வெயிலில் பசை இளகினால் அந்த இழுவையே பெட்டியைப் பிரித்துவிடும்.

5. சுருதி சேர்ப்பது

கிட்டாரை மடியில் வைத்தால் கீழே இருப்பது முதல் நரம்பு, மெல்லியது. மேலே இருப்பது ஆறாவது, தடித்தது. ஆறிலிருந்து ஒன்றுவரை பெயர்கள்: இ, ஏ, டி, ஜி, பி, இ. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிதான் ஃபிரெட்.

ஆறாவது நரம்பை ஐந்தாம் ஃபிரெட்டில் அழுத்தினால் வருகிற சத்தம், அழுத்தாத ஐந்தாவது நரம்பின் சத்தத்துக்குச் சமம். ஐந்தாவதை அப்படியே ஐந்தாம் ஃபிரெட்டில் அழுத்தினால் நாலாவது. நாலாவதை அழுத்தினால் மூன்றாவது. மூன்றாவதை மட்டும் நாலாம் ஃபிரெட்டில் அழுத்த வேண்டும், அது இரண்டாவதுக்குச் சமம். இரண்டாவதை ஐந்தாம் ஃபிரெட்டில் அழுத்தினால் முதல் நரம்பு. இப்போது செல்போனிலேயே சுருதி காட்டுகிற ஆப் இருக்கிறது, அதையும் பாருங்கள். ஆனால் காதால் சேர்க்கவும் பழகுங்கள். ஜெபவீட்டில் போன் சார்ஜ் இல்லாத நாளும் வரும்.

சுருதி சேர்க்காமல் ஒருநாளும் பழகாதீர்கள். கோணலான சுருதியில் பழகினால் காது கோணலாகிவிடும்.

6. முதல் மூன்று மாதம்

முதல் மாதம்: கார்டு என்பது மூன்று நாலு சுரம் ஒன்றாய்ச் சேர்ந்து ஒலிப்பது. இ மைனரில் தொடங்குங்கள். ஐந்தாவது, நாலாவது நரம்புகளை இரண்டாம் ஃபிரெட்டில் இரண்டு விரலால் அழுத்தி ஆறையும் மீட்டினால் அவ்வளவுதான், ஒரு கார்டு வந்துவிட்டது. பிறகு ஜி: ஆறாவது நரம்பு மூன்றாம் ஃபிரெட், ஐந்தாவது இரண்டாம் ஃபிரெட், முதல் நரம்பு மூன்றாம் ஃபிரெட். பிறகு சி: ஐந்தாவது நரம்பு மூன்றாம் ஃபிரெட், நாலாவது இரண்டாம் ஃபிரெட், இரண்டாவது நரம்பு முதல் ஃபிரெட், இதில் ஆறாவதைத் தொட வேண்டாம். கடைசியாக டி: மூன்றாவதும் முதலும் இரண்டாம் ஃபிரெட், இரண்டாவது நரம்பு மூன்றாம் ஃபிரெட், இதை நாலாவது நரம்பிலிருந்து மட்டும் மீட்டுங்கள். ஃபிரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னாலே அழுத்தினால் பலம் குறைவாகவே போதும். இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

இரண்டாம் மாதம்: ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு மாறுவது. பெரியவர்கள் பாதிப்பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். நான் பழகினது இப்படி. கடிகாரத்தில் ஒரு நிமிஷம் வைத்து, இ மைனர், ஜி, இ மைனர், ஜி என்று எத்தனை தரம் மாற முடிகிறது என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதுவேன். முதல் நாள் ஏழு. மூன்றாம் வாரத்தில் இருபத்தெட்டு. எழுதி வைத்தால்தான் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும், இல்லாவிட்டால் "ஒண்ணும் வரலையே" என்று மனம் சோர்ந்துபோகும்.

மூன்றாம் மாதம்: தாளம். வலது கையை மறந்துவிடாதீர்கள். நாலு எண்ணிக்கைப் பாட்டுக்கு 'தகதிமி' என்று வாயால் சொல்லிக்கொண்டு கீழே கீழே நாலு தரம் மீட்டினால் போதும். நம்முடைய பாட்டுகளில் 'தகிட தகிட' என்று துள்ளுகிறவை ஏராளம், அவற்றுக்கு மூன்று மூன்றாய் எண்ண வேண்டும். கார்டு மாற நேரமானாலும் வலது கை நிற்கக்கூடாது. சபையார் ஒரு கார்டு தவறினதை மன்னிப்பார்கள். தாளம் நின்றால் எல்லோரும் நின்றுவிடுவார்கள்.

எவ்வளவு நேரம் பழகுவது? தினம் இருபது நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாய் இரண்டரை மணி நேரம் பழகுவதைவிட இது மேல். தூங்குகிறபோதும் மூளை அன்றைக்குப் பழகினதைப் பதிய வைக்கிறது, ஆகவே இடைவெளி விட்டுப் பழகினது நிலைக்கும். நம் முகத்துவாரத்தைப் பாருங்கள். தண்ணீர் உள்ளேயும் வெளியேயும் போய் வந்துகொண்டே இருக்கும்வரை திறந்திருக்கிறது. ஓட்டம் குறைந்தால் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்கிறது, பிறகு தோண்ட எவ்வளவு பிரயாசம்! விரலும் அப்படித்தான்.

விசைப்படகில் வேலைக்குப் போகிற சகோதரருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. ஆரம்பிக்க அதைவிட நல்ல காலம் எது?

7. சபையில் வாசிக்கும் ஞானம்

நம் வீட்டுக் கூட்டங்களில் யாரும் "ஜி மேஜரில் பாடுவோம்" என்று சொல்லி ஆரம்பிப்பதில்லை. ஒரு தாயார் தன் மனதுக்கு வந்த சுருதியில் எடுத்துவிடுவார். வாசிக்கிறவர்தான் தேடிப் போக வேண்டும். வழி இதுதான்: பல்லவி முடிகிற கடைசிச் சுரத்தைக் காதில் பிடியுங்கள். பெரும்பாலும் அதுதான் பாட்டின் வீடு. அதைத் தடித்த ஆறாவது நரம்பில் தேடுங்கள். மூன்றாம் ஃபிரெட் என்றால் ஜி. ஐந்தாம் ஃபிரெட் என்றால் ஏ.

கேப்போ என்று ஒரு சின்ன இடுக்கி இருக்கிறது. அதைக் கழுத்தில் மாட்டினால் ஒவ்வொரு ஃபிரெட்டுக்கும் அரைச் சுரம் உயரும். பாட்டு ஏ-யில் போகிறதென்றால் கேப்போவை இரண்டாம் ஃபிரெட்டில் மாட்டி, நாம் படித்த ஜி, சி, டி கார்டுகளையே பிடிக்கலாம். எஃப்-இல் போனால் மூன்றாம் ஃபிரெட்டில் மாட்டி, டி-யை வீடாக வைத்து வாசிக்கலாம். அதற்கு ஏ கார்டும் கற்றிருக்க வேண்டும்: இரண்டு, மூன்று, நாலு நரம்புகள் எல்லாம் இரண்டாம் ஃபிரெட்டில். விரலைக் குறுக்கே படுக்க வைத்து ஆறு நரம்பையும் அழுத்துகிற கடினமான கார்டுகளை ஒரு வருஷம் தள்ளி வையுங்கள்.

பழைய கீர்த்தனைகள் விஷயத்தில் கவனமாயிருங்கள். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் கர்நாடக ராகத்தில் செய்தவை அவை. குரல் வளைந்து வளைந்து போகும். அங்கே கார்டை மாற்றி மாற்றி அடித்தால் ராகம் சிதறிவிடும். வீட்டுச் சுரத்தை மட்டும் தம்புரா மாதிரி மெல்ல மீட்டிக்கொண்டிருங்கள். பாடுகிறவர்களுக்கு அதுவே தாங்கல்.

எப்போது சபைக்கு முன் வாசிக்கலாம்? மூன்று பாட்டை, நீங்களே பாடிக்கொண்டு, நடுவில் நிற்காமல் வாசிக்க வந்ததும் வீட்டுக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஞாயிறு ஆராதனை அதற்குப் பிறகு.

8. வெட்கம் என்னும் வலை

இதுவரை எழுதின எல்லாவற்றையும்விடப் பெரிய தடை விரலில் இல்லை. மகன் வயதுள்ளவன் முன்னால் "எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடு" என்று உட்காருவதில் இருக்கிறது.

எனக்குக் கற்றுக்கொடுத்த தம்பிக்கு அப்போது வயது பத்தொன்பது. ஞாயிற்றுக்கிழமை நான் பிரசங்கிப்பேன், அவன் கேட்பான். திங்கட்கிழமை அவன் சொல்லுவான், நான் கேட்பேன். "பாஸ்டர் ஐயா, மறுபடியும்" என்று ஒரே கார்டை நாற்பது தரம் பிடிக்க வைத்தான். பைபிள் காலேஜில் எனக்குப் பிரசங்கம் பண்ணச் சொல்லித் தந்தார்கள். மாணாக்கனாய் உட்காருவதை இந்தத் தம்பியிடம்தான் திரும்பப் படித்தேன்.

எங்கள் சபையில் 46 வயதுச் சகோதரர் ஒருவர் பழகுகிறார். வலை செப்பனிடுகிற கொட்டகையில் உட்கார்ந்து இ மைனர் பிடித்துக்கொண்டிருந்தபோது வாலிபர்கள் கேலி பண்ணினார்கள். "இன்னாண்ணே, இந்த வயசுல சினிமால சேரப் போறியா?" அவர் தலை நிமிராமல் சொன்னார்: "நீ வலை ஊசி புடிக்கக் கத்துக்கினப்போ எத்தினி முடிச்சு அவுந்துச்சு? நான் சிரிச்சனாடா?" அப்புறம் ஒருவனும் சிரிக்கவில்லை. அதில் ஒருவன் இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுகிறான்.

சகோதரிகளே, உங்களுக்கும் இதே பாடம்தான். "பொம்பளைக்கு எதுக்கு கிட்டார்" என்று யாராவது கேட்டால், யாத்திராகமம் 15-இல் மிரியாம் கையில் என்ன இருந்தது என்று திருப்பிக் கேளுங்கள். கருவாடு விற்கிற ஒரு சகோதரி, மத்தியானம் பேரப்பிள்ளை தூங்குகிற நேரத்தில் பழகுகிறார். இரண்டு கார்டு வந்துவிட்டது. ஒரு பாட்டுக்கு இரண்டு போதுமே!

வாசிக்கத் தெரிந்த வாலிபப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வேலைக்குப் போவதற்கு முன்னே, ஊரில் நிற்கப்போகிற ஒரு பெரியவருக்கு நாலு கார்டு சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வேகமாய் வாசித்துக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். அவர் விரலை உங்கள் கையால் எடுத்து நரம்பின்மேல் வையுங்கள். ஒரு காலத்தில் அவர் உங்கள் விரலைப் பிடித்துத்தான் நடக்கப் பழக்கினார்.

தியானிக்கவும் கலந்து பேசவும்:

1. நம் சபையில் இப்போது வாசிக்கிறவர் அடுத்த வருஷம் ஊரில் இல்லாவிட்டால், ஆராதனையில் வாசிக்க யார் இருப்பார்கள்? பெயர் சொல்லிப் பேசுங்கள்.
2. 1 நாளாகமம் 25-இல் ஆசானுக்கும் மாணாக்கனுக்கும் ஒரே சீட்டு. நம் சபையில் வயதில் இளையவரிடம் கற்றுக்கொள்ள நமக்கு மனமிருக்கிறதா?
3. உங்கள் நாளில் இருபது நிமிஷம் எங்கே இருக்கிறது? வலைக்குப் போகுமுன்பா, சந்தை முடிந்த பின்பா? நேரத்தைக் குறித்து எழுதுங்கள்.

இந்த மாதத்தில் செய்ய வேண்டியது: தூசி படிந்த கிட்டார் யார் வீட்டிலாவது இருந்தால் கேட்டு வாங்குங்கள். நரம்பு மாற்றி, சுருதி சேர்த்து, இ மைனரோடு ஆரம்பியுங்கள். மாதக் கடைசி உபவாச ஜெபத்துக்கு வரும்போது நோட்டையும் கொண்டுவாருங்கள். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தரம் மாற முடிந்தது என்று பார்ப்போம். எண் சின்னதாயிருந்தாலும் பரவாயில்லை, நோட்டு காலியாய் இருக்கக்கூடாது.

உங்கள் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.